அறுபத்தொரு வயதில் சாதாரண தரப் பரீட்சை: எனக்குக் கைகொடுத்த வழிகள்

1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின் எங்கள் குடும்பம் மலையகத்தை விட்டுக் கிளிநொச்சியில் வந்து குடியேறியபோது எனக்குப் பதினான்கு வயது. காடு வெட்டி வயலாக்கும் வேலையோடு என் படிப்பு நின்றுபோயிற்று. இடப்பெயர்வுகளெல்லாம் கடந்து, பிள்ளைகளும் கரைசேர்ந்த பிறகு, பதினோராம் ஆண்டின் முடிவில் பாடசாலை மாணவர் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில், பாடசாலையில் சேராத தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தமிழும் வரலாறும் எழுதினேன். இந்த வயதில் புத்தகத்தைத் தொட விரும்பும் உறவுகளுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் கண்ணையும் காதையும் சோதித்துக்கொள்ளுங்கள். வாசித்தது மனத்தில் நிற்கவில்லை, மூளை மங்கிவிட்டது என்று நான் இரண்டு மாதம் கலங்கியிருந்தேன். கண்ணாடி மாற்றியதும் அந்தக் கலக்கம் பெரும்பாலும் தீர்ந்தது. லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல் மறதி நோயோடு தொடர்புடைய, மாற்றக்கூடிய 14 காரணிகளை எடுத்துக்காட்டியது. அவற்றைச் சீர்செய்தால் உலகில் ஏறத்தாழ 45 சதவீத நோயாளரிடம் நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலக்கூடும் என்பது அக்குழுவின் கணிப்பு. பார்வைக் குறைவு, செவிப்புலன் குறைவு, தனிமை ஆகியவற்றோடு இளமையில் கல்வி கிட்டாமையும் அப்பட்டியலில் இருக்கிறது. எங்கள் தலைமுறையில் வன்னியில் எத்தனை பேருக்கு அது கிட்டாமற்போயிற்று என்று எண்ணியபோது மனம் கனத்தது.

கற்பது புதியதாகவும் சற்றே கடினமானதாகவும் இருக்க வேண்டும். அமெரிக்காவில் டெனிஸ் பார்க் என்னும் உளவியலாளரின் குழு, அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு மூன்று மாதம், வாரத்துக்குப் பதினைந்து மணி நேரமளவில், டிஜிட்டல் புகைப்படக்கலையையும் துணித்துண்டுகளை இணைத்துப் போர்வை தைப்பதையும் கற்பித்தது. கூடிப் பேசிப் பொழுதுபோக்கியவர்களைவிட இவர்களின் நினைவாற்றல் மேம்பட்டதை அக்குழு கண்டது. எனக்கு அந்தக் கடினம் வரலாற்றுப் பாடத்தின் படவேலையில் வாய்த்தது. அனுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் வெற்றுப்படத்தில் குறிப்பதற்கே ஒரு வாரம் பிடித்தது.

திரும்பத் திரும்ப வாசித்ததால் எனக்குப் பெரும் பயன் கிட்டவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, வாசித்ததைப் பேத்திக்குச் சொல்வேன், "அம்மம்மா, அந்த அரசனுக்குப் பிறகு யார்?" என்று அவள் கேட்கும்போதுதான் எங்கே ஓட்டை என்பது தெரியும். அதே பகுதியை மறுநாளும், மூன்றாம் நாளும், அடுத்த வாரமும் இவ்வாறே சொல்லிப் பார்ப்பேன். அதிகாலையில் ஒரு மணி நேரம், மாலையில் அரை மணி நேரம் போதுமானதாக இருந்தது. இரவில் கண்விழித்துப் படிப்பதை அடியோடு விட்டுவிடுங்கள். அன்று படித்ததை மனத்தில் பதியவைப்பதில் உறக்கத்துக்கும் பங்குண்டு.

கைவிரல்களையும் மறந்துவிடாதீர்கள். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கைக்குப் பேனா பிடித்து நெடுநேரம் எழுதுவது மிகுந்த வேதனை. ஆகவே கடைசி இரண்டு மாதங்களில் கடந்தகால வினாத்தாள்களை நேரம் குறித்து முழுமையாக எழுதிப் பழகினேன். மேலதிக வாசிப்பு நேரமாகத் தரப்படும் பத்து நிமிடங்களில் வினாக்களைத் தெரிவுசெய்துவிட்டால் பதற்றம் குறையும்.

தமிழில் திறமைச் சித்தியும் வரலாற்றில் சாதாரண சித்தியும் கிடைத்தன. இப்போது கணிதத்துக்காக எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் நாங்கள் நான்கு பேர் செவ்வாய்தோறும் கூடுகிறோம், பின்னங்களில் நிற்கிறோம்.