வலியைச் சொல்லாத வயிறு

சாரத்திலிருந்து விழுந்த கட்டுமானத் தொழிலாளியை ஆம்புலன்ஸில் கொண்டுவரும்போது, உடன் வரும் நண்பர்கள் பெரும்பாலும் காலைப் பற்றித்தான் கேட்பார்கள். சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் தாதியாக இருக்கும் நான் முதலில் பார்ப்பது மூச்சையும் ரத்த அழுத்தத்தையும்தான்.

துவாஸ் தொழிற்பேட்டையிலிருந்து ஓர் இரவு முதுகெலும்பு முறிந்து வந்த தம்பிக்கு ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 80-க்குக் கீழே இருந்தது. முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத்தண்டான தண்டுவடத்தின் மேற்பகுதி சிதைந்தால் ரத்தக்குழாய்கள் தளர்ந்து அழுத்தம் இறங்குவதுண்டு. அப்போது நாடி மெதுவாகத் துடிக்கும், தோல் வெதுவெதுப்பாக இருக்கும். இவருக்கோ நாடி 120, விரல்கள் சில்லிட்டிருந்தன. “வயிறு வலிக்கலை அக்கா” என்றார். நடுநெஞ்சுக்குக் கீழே உணர்வே இல்லாதவரின் வயிறு எப்படி வலிக்கும்? அல்ட்ராசவுண்டில் மண்ணீரலைச் சுற்றி ரத்தம் தேங்கியிருந்தது தெரிந்ததும் உடனே அறுவை சிகிச்சைக்குக் கொண்டு சென்றார்கள். முதுகெலும்பு முறிந்தவரின் ரத்த அழுத்தம் குறைந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை அதை ரத்தக்கசிவு என்றே கொள்ள வேண்டும்.

அவரது குதிகால் எலும்பும் நொறுங்கியிருந்தது. உயரத்திலிருந்து காலூன்றி விழுபவர்களுக்குக் குதிகாலோடு இடுப்புப் பகுதி முதுகெலும்பும் முறிவதுண்டு. எனவே ஓரிடத்தில் முறிவைக் கண்டதோடு நின்றுவிடாமல் கழுத்து முதல் இடுப்புவரை சிடி ஸ்கேன் எடுத்தார்கள்.

மறுநாள் அவர் கண் விழித்ததும், தமிழ் பேசுபவர் வேண்டுமென்று தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து என்னை அழைத்தார்கள். உணர்வு தெரிகிறதா என்று மருத்துவர் தொட்டுக் கேட்ட இடத்திலெல்லாம் அவர் மரியாதைக்காக “ஆமா, ஆமா” என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். “கண்ணை மூடிக்கோங்க தம்பி, ஊசியா பஞ்சான்னு மட்டும் சொல்லுங்க, தெரியலைன்னா தெரியலைன்னே சொல்லுங்க” என்றேன். ஆசனவாயைச் சுற்றிச் சோதிக்க வேண்டியபோது கூச்சத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அங்கே துளி உணர்வு எஞ்சியிருந்தாலும் தண்டுவடக் காயம் முழுமையானதல்ல என்றும், மீளும் வாய்ப்பு அதனால் கூடுகிறது என்றும் பொறுமையாக விளக்கினேன். மொழி தெரியாத இடத்தில் இந்தச் சோதனையை அவசரமாக முடிப்பது பெரிய தவறு என்பது என் உறுதியான கருத்து. சொல்லப்போனால், எம்ஆர்ஐ படத்தில்கூடத் தெரியாதது இந்தப் பதிலில் தெரியும்.

நெடுநேரம் அமைதியாக இருந்தார். பிறகு, “ஊசி, அக்கா” என்றார்.

முதுகு அறுவை சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுமுன், அந்தச் சொல்லை நேரத்தோடு பதிவேட்டில் குறித்தேன்.