ஞாயிற்றுக்கிழமை வேலை யாருக்கு?

அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் நான் முதலில் சேர்ந்தது டெக்னீஷியனாக. முதுகலை முடித்த கையோடு கிடைத்த வேலை, மணிக்கணக்கில் சம்பளம். வந்த நேரம், போன நேரம், மதிய இடைவேளை என எல்லாவற்றையும் வாராவாரம் டைம்ஷீட்டில் நிரப்ப வேண்டும். "இவ்வளவு படித்துவிட்டுக் கூலியாள் போல நேரம் எழுதுகிறாயே" என்று உடன் படித்தவர்கள் கேலி செய்தார்கள். பின்னர் முனைவர் பட்டம் வாங்கி, வேறோர் ஊரில் போஸ்ட்டாக், அதாவது பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வாளர், ஆனேன். அதே பிப்பெட், அதே இன்குபேட்டர், பெரும்பாலும் அதே வேலை. டைம்ஷீட் மட்டும் இல்லை. அது இல்லாமல் போனதைப் பதவி உயர்வு என்று வாழ்த்தினார்கள்.

அந்த நாட்டில் இதையெல்லாம் தீர்மானிப்பது 1938ஆம் ஆண்டின் நியாயமான தொழில் தரச் சட்டம். வாரத்தில் 40 மணி நேரத்துக்கு மேல் உழைத்தால், கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் தர வேண்டும். அரசுப் பல்கலைக்கழகமாக இருந்தால் முன்கூட்டி உடன்பாடு செய்துகொண்டு, பணத்துக்குப் பதில் மணிக்கு ஒன்றரை மணி விடுப்பாகவும் தரலாம். இந்த ஓவர்டைம் உரிமையிலிருந்து ஒருவரை விலக்க, நிலையான சம்பளம், அது குறைந்தபட்ச வரம்பைத் தாண்டியிருப்பது, செய்யும் வேலையின் தன்மை ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். பதவிப் பெயருக்கு இதில் மதிப்பே இல்லை. வகுத்துக் கொடுத்த செய்முறையை அப்படியே செய்பவர் டெக்னீஷியன். நீண்ட உயர்கல்வியால் பெற்ற அறிவைக் கொண்டு சொந்தமாக முடிவெடுப்பவர் அறிவுசார் தொழிலர், அவருக்கு ஓவர்டைம் கிடையாது. தாளில் கோடு தெளிவாகத்தான் இருக்கிறது. ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களுக்கு ஊடகம் (அவை வளரும் ஊட்டக் கரைசல்) மாற்றும் கை எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று கேட்டால் மனிதவளத் துறையும் விழிக்கும்.

டெக்னீஷியனாக இருந்தபோது எங்கள் பேராசிரியர் ஒருமுறை சொன்னார்: "ஞாயிறன்று வந்ததை எழுத வேண்டாம், அது உங்கள் ஆர்வம்தானே." நல்ல மனிதர், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. வேலை நடப்பது தெரிந்தும் முதலாளி அதைத் தடுக்காவிட்டால், அவர் கேட்டிருந்தாலும் கேட்காவிட்டாலும் அது வேலை நேரம்தான். முன் அனுமதி பெறாததற்காகக் கண்டிக்கலாம். ஊதியத்தை மறுக்க முடியாது. காத்திருப்பும் அப்படியே. ஸ்விஃப்ட் இறைச்சி ஆலையின் தீயணைப்பு ஊழியர்கள் இரவில் அழைப்புக்காகக் காத்திருந்த நேரம் பற்றிய வழக்கில், காத்திருப்பு வேலை நேரமாகக்கூடும் என்று உச்ச நீதிமன்றம் 1944இல் சொல்லிவிட்டது. சென்ட்ரிபியூஜ் (மாதிரிகளை வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் கருவி) எப்போது நிற்கும் என்று அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவனுக்கு இதைவிட இனிப்பான தீர்ப்பு வேறென்ன இருக்கிறது? மனிதவளத் துறை அலுவலர் ஒருவரிடம் பேசிய பிறகு ஞாயிறுகளையும் எழுதினேன். பணம் வந்தது. அதன்பிறகு பேராசிரியர் ஞாயிறன்று என்னை வரச் சொல்வது வெகுவாகக் குறைந்தது.

முனைவர் பட்டக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பேராசிரியரின் மேற்பார்வையில் தன் பட்டத்துக்காக ஆய்வு செய்யும் மாணவரை, ஊதியச் சட்டத்தின் நோக்கில் தொழிலாளர் துறை ஊழியராகக் கருதுவதில்லை. கணக்கும் இல்லை, வழக்கும் இல்லை.

போஸ்ட்டாக் கதை வேறு. 2016இல் தொழிலாளர் துறை, ஓவர்டைம் விலக்குக்கான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பள வரம்பை 23,660 டாலரிலிருந்து 47,476 டாலராக உயர்த்தியது. டிசம்பர் 1 முதல் நடைமுறை. பல போஸ்ட்டாக்குகளின் சம்பளம் அதற்குக் கீழேதான் இருந்தது. பல்கலைக்கழகங்களுக்கு இரண்டே வழி: சம்பளத்தை ஏற்றுவது, அல்லது எங்கள் நேரத்தை எண்ணுவது. ஏற்றிவிடலாம் என்று பல இடங்களில் முடிவானது. எண்ணினால் என்ன வரும் என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன! நவம்பர் 22 அன்று டெக்சாஸ் நீதிமன்றம் விதியை நிறுத்திவைத்தது. ஆனாலும் ஆய்வுகளுக்கு நிதி தரும் அரசு அமைப்பான தேசிய சுகாதார நிறுவனங்கள் (NIH) தங்கள் முதலாண்டு போஸ்ட்டாக் உதவித்தொகையை 47,484 டாலராக உயர்த்தின: வரம்புக்குச் சரியாக எட்டு டாலர் மேலே. 2024இல் மறுபடி வரம்பை ஏற்றினார்கள்; அந்த நவம்பரில் அதுவும் நீதிமன்றத்தில் விழுந்தது. இப்போது கூட்டாட்சி வரம்பு, 2024 உயர்வுக்கு முன் இருந்தபடியே, வாரத்துக்கு 684 டாலர் (ஆண்டுக்கு 35,568).

எங்களிடம் வாங்கும் ஒரே கணக்கு, எந்த ஆய்வு நிதிக்கு எத்தனை விழுக்காடு உழைத்தோம் என்ற படிவம். மொத்தம் 100 வர வேண்டும். நாற்பது மணி உழைத்தாலும் 100, எழுபது மணி உழைத்தாலும் 100. கையெழுத்திடும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

பக்கத்து மேசைத் தோழியின் நிலை இன்னும் விசித்திரம். அவர் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர் என்பதால், எனக்கு விண்ணப்பிக்கவே வழியில்லாத கூட்டாட்சிப் பயிற்சி நிதி அவருக்குக் கிடைத்தது. கௌரவமான விருது, கேக் வெட்டினோம். மறுமாதம் அவர் பல்கலைக்கழகத்தின் ஊழியர் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டார். அந்தத் தொகை சம்பளம் அல்ல, பயிற்சிக்கான உதவித்தொகை என்பது விதி. ஓய்வூதியச் சேமிப்புக்குப் பல்கலைக்கழகம் செலுத்திவந்த பங்கும் நின்றது. வேலையில் ஒரு மணி நேரம்கூடக் குறையவில்லை. திறமைக்குப் பரிசு கொடுத்து ஊழியர் என்ற தகுதியைப் பறிக்கும் ஏற்பாட்டை எந்தப் புத்திசாலி வகுத்தாரோ!

செல்களுக்கு வார விடுமுறை கிடையாது. ஞாயிறன்று யாராவது ஊடகம் மாற்றித்தான் ஆக வேண்டும். டெக்னீஷியன் வந்தால் ஆய்வு நிதியிலிருந்து ஒன்றரை மடங்கு போகும். போஸ்ட்டாக் வந்தால் ஒரு காசும் போகாது. யாரும் உத்தரவு போடாமலே அந்த வேலை எங்கள் பக்கம் நகர்ந்துவிட்டது. நேரத்துக்கு விலை உள்ளவரின் நேரம் சிக்கனமாகச் செலவழிகிறது. எங்களுடையது கணக்கில்லாமல் போகிறது. யாருடைய பேராசையும் இதற்குத் தேவைப்படவில்லை.

போன ஆண்டு என் இப்போதைய பேராசிரியரிடம் ஒரு பட்டியலை நீட்டினேன்: ஞாயிறு முறை வைத்து வருவது, வந்தவருக்கு அந்த வாரத்தில் வேறொரு நாள் விடுப்பு. கொஞ்சம் யோசித்து ஒப்புக்கொண்டார். ஆனால் மின்னஞ்சலில் எழுதித் தர மறுத்துவிட்டார். மனிதவளத் துறை கேள்வி கேட்குமாம். பட்டியல் இப்போது இன்குபேட்டர் கதவில், பென்சிலால் எழுதி ஒட்டியிருக்கிறது.