விற்கப்படும் வரிசை

கிளிநொச்சியில், முரசுமோட்டையில் அம்மாவின் வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். 2012இல் கனடாவுக்குப் போன பின்னர் நான் ஊருக்கு வருவது இது மூன்றாவது தடவை. பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு வருவது இதுவே முதற்தடவை. வந்த நான்காம் நாள் பின்னேரம், பதினொரு வயது மகன், கடந்த மார்ச் விடுமுறையில் நாங்கள் அமெரிக்காவில், புளோரிடாவின் ஒர்லாண்டோவில் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் போய்வந்த கதையைத் தன் அம்மம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். மலைக்குள் புகுந்து ஓடும் ரயில், தலைகீழாய்ச் சுழலும் வண்டி, இரவு வாணவேடிக்கை என்று எல்லாவற்றையும் கேட்டபடி அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா, அங்கே காசு கொடுத்தால் வரிசையில் நிற்காமல் முன்னுக்குப் போகலாம் என்று அவன் சொன்ன இடத்தில் சுளகைக் கீழே வைத்தார்.

“அப்ப பின்னுக்கு நிக்கிற சனம் ஒண்டும் சொல்லாதோ?”

“ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை அம்மம்மா. அது அங்கத்தை ரூல்.”

அம்மா என்னைப் பார்த்தார். அந்தக் கேள்வி ஐந்து மாதமாக என் மனத்திலும் கிடந்ததுதான். ஆனால் அதை அவ்வளவு நேராக நான் கேட்டுக்கொண்டதில்லை.

வன்னியிலிருந்து போன எங்களைப் போன்றவர்களுக்கு முதல் சில ஆண்டுகளில் விடுமுறை என்பது அடுத்த வேலைக்குப் போகலாமா என்று பார்க்கும் நாளாகத்தான் இருந்தது. ஸ்காபரோவில் நிலக்கீழ் அறை, ஆளுக்கு இரண்டு வேலை, பயணத்துக்குப் பட்ட கடன், மாதாமாதம் ஊருக்கு அனுப்பும் காசு என்று அந்த ஆண்டுகள் போயின. கோடையில் ஏரிக்கரைப் பூங்காவில் உறவுக்காரரோடு சேர்ந்து இறைச்சி வாட்டிச் சாப்பிட்டால் அதுவே பெரிய உல்லாசம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. மார்ச் விடுமுறை முடிந்து திரும்பியதும் யார் எங்கே போனீர்கள் என்று வகுப்பில் கேட்பார்கள் என்றும், தான் இரண்டு ஆண்டும் பனி மனிதனையே வரைந்து காட்டியதாகவும் மகன் ஒருநாள் முறைப்பாடாக அல்லாமல் செய்தியாகச் சொன்னான். அன்றிரவு நானும் கணவரும் மாதம் 200 டொலர்ச் சீட்டு ஒன்றில் சேருவதென்று முடிவெடுத்தோம். இருபது மாதச் சீட்டு.

விமானச் சீட்டின் விலையைப் பார்த்துவிட்டு வாகனத்திலேயே போனோம். பஃபலோ எல்லையைத் தாண்டி இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு மேல்; புட்டும் கட்டைச் சம்பலும் கட்டிக்கொண்டு, வழியில் ஓர் இரவு தங்கி, இரண்டு நாளில் போய்ச் சேர்ந்தோம். ஒருநாள் நுழைவுச்சீட்டு நால்வருக்கும் வரியோடு 680 அமெரிக்க டொலர். கனேடியக் காசில் 970க்குக் கிட்ட. பத்து வயதாகிவிட்டால் பெரியவர் விலை என்பதால் மகனுக்கும் எங்களுக்கும் ஒரே கணக்குத்தான். வாகனம் நிறுத்த 30 டொலர். தண்ணீர்ப் போத்தலில் தொடங்கி மத்தியானச் சாப்பாடு வரை நாங்கள் மனத்துக்குள் பெருக்கிப் பெருக்கிப் பார்த்துக்கொண்டே நடந்த நாள் அது.

நாங்கள் போன பூங்காவின் பெயரை எழுதவில்லை; வரிசையை விற்கும் இந்த வழக்கம் அந்த ஓரிடத்துக்கு மட்டும் உரியதன்று. உள்ளே போனதும் கைபேசிச் செயலி, வரிசையை முந்தும் சீட்டு வேண்டுமா என்று கேட்டது. ஒருவருக்கு 35 அமெரிக்க டொலர், நால்வருக்கு 140, எங்கள் காசில் 200. ஒன்ராறியோவில் அப்போது குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17.20 டொலர், பேக்கரித் தொழிற்சாலையில் எனக்குக் கிடைப்பது அதைவிடச் சற்றுத்தான் கூட. வரி கழிந்தால் அந்த 200 டொலர், பொருள் நகரும் பட்டிக்கு முன்னால் நான் ஒன்றரை நாளுக்கு மேல் நின்று உழைத்த காசு. நின்று உழைத்த காசை நிற்காமல் இருப்பதற்காகக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கணவரை நினைத்துத்தான் தயங்கினேன். இறுதிப் போரில், 2009 மார்ச்சில் மாத்தளனில் பட்ட ஷெல் துண்டு அவருடைய இடது காலில் இன்னும் இருக்கிறது. நடப்பார், ஆனால் ஒரே இடத்தில் நிற்க முடியாது. “பரவாயில்லை, நிப்பம்” என்றார் அவர்.

சவாரி வாசலில் காத்திருப்பு 95 நிமிடம் என்று எழுதியிருந்தது. இடுப்பளவு உயரக் கம்பியால் பிரித்த இரண்டு பாதைகள். இடப்பக்கம் நாங்கள், வலப்பக்கம் சீட்டு வாங்கியவர்கள். எங்கள் பக்கம் இரண்டடி வைத்து நின்றது, பிறகு இரண்டடி வைத்து நின்றது. வலப்பக்கத்தில் சனம் சும்மா நடந்து போய்க்கொண்டிருந்தது. மேலே, இரண்டு பாதையும் ஒன்றாகும் இடத்தில் ஓர் இளம் பணியாளர் கையை நீட்டி மறித்துக்கொண்டு நின்றார். அவரிடமிருந்து இருபதடி தொலைவில் அரைமணி நேரம் நின்றதால் நான் எண்ணத் தொடங்கினேன். வலப்பக்கத்திலிருந்து இருபது இருபத்திரண்டு பேர் போன பின்னர் எங்கள் பக்கத்தில் நான்கு பேர். பிறகு மீண்டும் வலப்பக்கம். ஆறு வயது மகள் நிலத்தில் குந்திவிட்டாள். கணவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது காலில் பாரத்தைப் போடுவதும், சற்று நேரத்தில் இரண்டு கையாலும் உடம்பைத் தூக்கி இடது காலை உதறுவதுமாக நின்றார். நாங்கள் வண்டியில் ஏறியபோது நிற்கத் தொடங்கி இரண்டு மணி நேரமும் பத்து நிமிடமும் ஆகியிருந்தது. ஓட்டம் மூன்று நிமிடத்துக்குள் முடிந்தது.

இந்தக் கணக்கைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். விரும்பியவர் கூடுதலாகக் கொடுக்கிறார், கொடுக்காதவருக்கு நட்டமில்லை என்று எங்கள் உறவுக்காரர்களே சொல்கிறார்கள். ஒரு வண்டியில் 20 பேர் ஏறி, நிமிடத்துக்கு ஒரு வண்டி புறப்பட்டால் மணிக்கு 1200 பேர்தான் போகலாம். எத்தனை சீட்டு விற்றாலும் அந்த 1200 ஓர் ஆளாலும் கூடுவதில்லை. ஆகவே ஒருவர் முன்னால் போகும் ஒவ்வொரு நிமிடமும் பின்னால் நிற்கும் வேறொருவரின் மணிக்கூட்டிலிருந்து எடுக்கப்பட்டது. நிற்பவரின் நேரத்தை நிறுவனம் எடுத்து விற்கிறது. விற்ற காசில் நின்றவருக்கு ஒரு சதமும் வருவதில்லை. அதைவிட, எங்கள் வரிசை எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு அந்தச் சீட்டுக்குக் கிராக்கி. வரிசையைக் குறைக்க வேண்டியவரே வரிசை நீண்டால் இலாபம் காண்பவராகவும் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எங்களுக்கு முன்னால் பேரப்பிள்ளைகளோடு நின்ற அமெரிக்கப் பெண்மணி ஒருவர், தான் சிறுமியாக இருந்தபோது பெற்றோருடன் டிஸ்னி வேர்ல்டுக்குப் போன நாட்களைச் சொன்னார். 1971 ஒக்ரோபரில் அது திறந்தபோது பெரியவருக்கு நுழைவு 3.50 டொலர்; உள்ளே ஒவ்வொரு சவாரிக்கும் தனிச்சீட்டுக் கிழித்துக் கொடுக்க வேண்டும். 1999இல் பாஸ்ட்பாஸ் என்ற ஏற்பாடு வந்தது. இயந்திரத்தில் நுழைவுச்சீட்டைப் போட்டால் திரும்பி வரவேண்டிய நேரம் அச்சிட்ட துண்டு கிடைக்கும். அந்த நேரத்தில் வந்தால் சிறிய வரிசை. அது எல்லோருக்கும் இலவசம். “காலையில் எழும்பி ஓடுபவருக்கு அது கிடைத்தது, பணக்காரருக்கென்று தனியாக இருக்கவில்லை” என்ற கருத்தில் அவர் சொன்னார். யுனிவர்சல் பூங்காக்கள் எக்ஸ்பிரஸ் சீட்டை முன்பிருந்தே காசுக்கு விற்றன என்றாலும், டிஸ்னியை நம்பித் தலைமுறை தலைமுறையாக வருபவர்களுக்கு 2021 ஒக்ரோபர்தான் பெரிய ஏமாற்றம். பெருந்தொற்றில் நிறுத்திய பாஸ்ட்பாஸ் திரும்பி வரவில்லை. பதிலாக ஜீனி பிளஸ் என்ற பெயரில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 டொலர்க் கட்டணம் வந்தது. அடுத்த ஆண்டு நாளுக்கு நாள் விலை மாறத் தொடங்கியது. 2023 நத்தார்க் காலத்தில் 39 டொலர் வரை போனது. 2024 ஒக்ரோபர் கடைசியில், எந்நேரமும் முந்திப் போகலாம் என்ற இன்னொரு சீட்டு, பூங்காவையும் நாளையும் பொறுத்து 129 டொலரிலிருந்து 449 டொலர் வரை, நுழைவுக் கட்டணத்துக்கு மேலதிகமாக. டிஸ்னி விடுதிகளில் தங்குபவர்களை 2005 முதல் விமான நிலையத்திலிருந்து இலவசமாக ஏற்றிவந்த பேருந்தும் 2022 தொடக்கத்தில் நின்றுபோயிற்று. விலை ஏறியதை மட்டும் அந்தப் பெண்மணி குறை சொல்லவில்லை. முன்பு சும்மா கிடைத்ததை எடுத்துவிட்டு அதையே தனக்குத் திருப்பி விற்கிறார்கள் என்பதுதான் அவருடைய மனவருத்தம். மொழியும் நாடும் வேறாக இருந்தும் அந்தக் கோபம் எனக்கு உடனே விளங்கியது.

வரிசையில் நின்று பழகியவர்கள் நாங்கள். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெய்க்குச் சங்கக்கடை வாசலில் நின்றோம். 2009இல் செட்டிகுளப் பக்கத்து இடம்பெயர்ந்தோர் முகாமில் தண்ணீருக்கு நின்றோம். தண்ணீர் கொண்டுவரும் பவுசர் எப்போது வரும் என்று தெரியாது. விடிய முன்னம் வாளிகளையும் கான்களையும் நிரையாக வைத்துவிட்டுக் கூடாரத்துக்குப் போவோம். சிவப்பு வாளி, வாய் உடைந்த மஞ்சள் கான், பெயர் எழுதிய பெயின்ற் வாளி. ஆள் இல்லாவிட்டாலும் வாளி அவருடைய இடம். முந்த முயன்றவர்கள் இருந்தார்கள், சண்டையும் நடந்தது. நாங்கள் எல்லோரும் நல்லவர்களாக இருந்தோம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கைக்குழந்தைக்காரி வந்தால், ஊன்றுகோலோடு ஒருவர் வந்தால், “காயக்காரன், விடுங்கோ” என்று நிரையில் நிற்கும் ஒருவர் சொல்வார், மற்றவர்கள் வாளியைப் பின்னுக்கு இழுப்பார்கள். அந்த இடத்தைக் கொடுத்தது நிரையில் நின்ற சனம். பவுசர்க்காரர் அதை விற்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அம்மாவுக்குத் தெரியும்; அதனால்தான் அவருடைய கேள்வி காசைப் பற்றி வராமல் பின்னுக்கு நிற்பவரைப் பற்றி வந்தது.

காயக்காரருக்கு அந்தப் பூங்காக்களில் இடமில்லை என்று சொல்லமாட்டேன்; நிற்க முடியாதவருக்கென ஏற்பாடுகள் உண்டு. ஆனால் அவையும் சுருங்கி வருகின்றன. புளோரிடாவில் டிஸ்னி தன்னுடைய சலுகையை 2024 மே மாதம் முதல் பெரும்பாலும் ஓட்டிசம் போன்ற வளர்ச்சிசார் குறைபாடு உள்ளவர்களுக்கு என்று வரையறுத்தது. காலில் இரும்பு இருப்பவருக்கு எஞ்சும் இலகுவான வழி சக்கர நாற்காலி, இல்லையேல் காசு.

மத்தியானத்துக்குப் பிறகு கணவரின் கால் வீங்கிவிட்டது. மகன் அதிகம் ஆசைப்பட்ட ஒரு சவாரிக்கு மட்டும், அவர்கள் இருவருக்கும் தனிச்சீட்டு வாங்கினேன். பதினைந்து நிமிடத்தில் திரும்பி வந்தார்கள். பிடித்ததா என்று கேட்டேன். மகன் துள்ளினான். கணவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, “அந்தச் சனத்தைத் தாண்டிப் போகேக்க ஒரு மனுசி பிள்ளையைத் தோளில போட்டுக்கொண்டு நிண்டது, முகத்தைப் பாக்கேலாமல் கிடந்தது” என்றார். நாங்கள் கொடுத்த காசு அவளுடைய நிற்பை நீட்டியது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இதை அக்காவுக்குச் சொன்னபோது அவர் என்னை மடக்கினார். திருப்பதியில் 300 ரூபாய்ச் சிறப்புத் தரிசனச் சீட்டோடு கும்பிட்டு வந்தவள்தானே நீ, அப்போது இந்த ஞாயம் எங்கே போனது என்று கேட்டார். உண்மை. 2018இல் போனேன், இலவச சர்வதரிசனத்தில் நின்ற சனத்தை அன்று எண்ணவில்லை. கோயிலில் நான் செய்ததும் இதே பிழைதான் என்று அவருக்குச் சொன்னேன். ஒன்றின் பிழையைப் பிந்தி உணர்ந்ததால் மற்றது சரியாகிவிடாது. இங்கே ஊருக்கு வந்தும் அந்தப் பழக்கம் கையோடு வருகிறது. அம்மாவின் முட்டுக்காலுக்கு வைத்தியரைத் தனியாரில் காசு கட்டிச் சனல் பண்ணிக் காட்டலாம், காசு நான் தருகிறேன், அரச ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் விடியப்புறம் போய் ஏன் நிற்கவேண்டும் என்று வந்த அன்றே சொன்னேன். அம்மா கேட்கவில்லை. தனக்குத் தெரிந்த ஆட்கள் எல்லாரும் அங்கேதான் வருவார்கள் என்றார்.

நேற்று நாங்களும் கூடப் போனோம். ஐந்தரைக்கே வாங்கில் நிறையக் கிளினிக் கொப்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தன. ஆட்கள் வெளியே மரத்தடியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா தன்னுடைய கொப்பியைக் கடைசியில் வைத்தார். சற்று நேரத்தில் பொல்லை ஊன்றியபடி மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு கிழவர் வர, முன்னால் இருந்த பெண் எழும்பிச் சுற்றிவரப் பார்த்து, “ஐயாவை விடுவமே?” என்று கேட்டார். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். அவருடைய கொப்பியை வாங்கி முதலாவதாக வைத்தார்கள். அறைக்குள்ளிருந்து பெயர் கூப்பிட்டு ஒவ்வொரு கொப்பியாக எடுக்கப்பட, வாங்கின் நுனியில் இருந்த மகன் மிச்சக் கொப்பிகளை ஒழுங்கு குலையாமல் ஒரு கொப்பியளவு முன்னுக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தான்.