காலடியில் இறங்கிய பெடல்

4.1.2025, சனி

புதுச்சேரியிலிருந்து திரும்பும் வழியில், ரெட்டிச்சாவடி தாண்டியதும் ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். வழக்கமாகக் கால் நிற்கும் இடத்தில் பெடல் நிற்கவில்லை, சேற்றில் வைத்த கால்போல இறங்கிக்கொண்டே போனது. விட்டு விட்டு இரண்டு முறை மிதித்த பிறகுதான் பிடித்தது. பின் சீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். கடலூர் வரும்வரை மூன்றாவது கியரைத் தாண்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பானட்டைத் திறந்து பார்த்தேன். பிரேக் ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. டிசம்பர் நடுவில்தான் ஓர் ஒர்க்‌ஷாப்பில் ஏர் எடுத்து (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றி), மேல்கோடு வரை நிரப்பிக் கொடுத்தார்கள். பிரேக் பேட் தேயத் தேய மட்டம் கொஞ்சம் இறங்கும்தான். மூன்று வாரத்தில் இவ்வளவு இறங்காது. ஆயில் எங்கோ வெளியே போகிறது.

5.1.2025, ஞாயிறு

என்ஜினை நிறுத்திவிட்டுப் பெடலை ஐந்தாறு முறை மிதித்தேன், இறுகியது. அப்படியே மிதித்தபடி என்ஜினை ஓடவிட்டதும் பெடல் சற்றே இறங்கி நின்றது. இது பழுதல்ல, மிதிக்கும் விசையைப் பெருக்கும் பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். ஆனால் காலை எடுக்காமல் ஒரே அழுத்தத்தில் வைத்திருந்தபோது, அரை நிமிடத்துக்குள் பெடல் மெல்ல மெல்ல நழுவியது.

நேற்றையதும் இன்றையதும் வேறு வேறு நோய். பஞ்சுபோல அமுங்கி, விட்டு மிதித்தால் இறுகினால் குழாயில் காற்று இருக்கலாம், அல்லது பின் சக்கர டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூ தள்ளி நிற்கலாம். ஒரே அழுத்தத்தில் நழுவினால் எங்கோ கசிகிறது, அல்லது பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ஆயில் ரப்பர் கப்பைத் தாண்டுகிறது. என் காரில் இரண்டும் இருக்கின்றன. நான்கு சக்கரங்களின் உட்புறத்தையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். சொட்டு இல்லை.

6.1.2025, திங்கள்

அதே ஒர்க்‌ஷாப்புக்குத் தொலைபேசியில் சொன்னேன். காரைப் பார்க்காமலே, “மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது, மாற்றிவிடலாம்” என்றார்கள். கோபம் வந்தது. போன முறை காற்றை எடுத்தார்கள், அந்தக் காற்று எந்த வழியாக வந்தது என்று தேடவில்லை. இந்த முறை தேடாமலே பாகத்தை மாற்றச் சொல்கிறார்கள்.

8.1.2025, புதன்

முதுநகரிலிருந்து மெக்கானிக் அண்ணன் வீட்டுக்கே வந்தார். ரப்பர் ஹோஸைக் காயப்படுத்தாத உருண்டை முனைக் கிளாம்ப் நான்கு கொண்டுவந்திருந்தார். நான்கு சக்கரங்களுக்கும் போகும் ஹோஸ்களை இறுக்கிவிட்டு, “இப்போது மிதியுங்கள் சார்” என்றார். பெடல் கல்லாக நின்றது. ஒரு நிமிடம் அழுத்தியும் நூலளவு நகரவில்லை. மாஸ்டர் சிலிண்டர் நன்றாகவே இருக்கிறது.

பிறகு ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். முன் இரண்டையும் விட்டபோது கொஞ்சம் மென்மை, அவ்வளவுதான். பின் இடது விட்டபோது பெடல் ஒரு படி தாழ்ந்து நின்றது. பின் வலது விட்டதும் என் கால் மெல்லக் கீழே போனது. “அங்கேதான்” என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

9.1.2025, வியாழன்

வலது டிரம்மைக் கழற்றவே ஒரு மணி நேரம் ஆனது. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதன் பின்னால் தென்பெண்ணை வெள்ளமும் வந்து, எங்கள் தெருவில் பாதிச் சக்கரம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அந்தச் சேறு டிரம்முக்குள் காய்ந்து மாவாகக் கிடந்தது.

ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் தூசி தடுக்கும் ரப்பரை ஸ்க்ரூடிரைவர் முனையால் விலக்கினார் அண்ணன். கறுப்பாக ஆயில் வழிந்தது. கீழ் ஷூ முழுக்க நனைந்து, லைனிங் மினுமினுத்தது. இவ்வளவு நாளும் ஆயில் வெளியே சொட்டாமல், டிரம்முக்குள் சேற்றிலும் ஷூவிலும் ஊறியிருக்கிறது. பிஸ்டனை வெளியே எடுத்தபோது சிலிண்டரின் வாயருகே கடுகளவு துருக்குழிகள் இருந்தன. அதன்மேல் போய்வந்த ரப்பர் கப்பின் உதடு ஒரு பக்கம் கிழிந்திருந்தது. அழுத்தும்போது ஆயில் வெளியேறிய வழியும், விடும்போது காற்று நுழைந்த வழியும் அந்த ஒரே கிழிசல்தான்.

இடது பக்கம் கசிவு இல்லை. ஆனால் ஷூவைத் தானாக நெருக்கி வைக்கும் அட்ஜஸ்டர் துருவில் இறுகிவிட்டது. பெடல் ஒரு படி தாழ்ந்ததற்கு அதுதான் காரணம்.

11.1.2025, சனி

திருப்பாதிரிப்புலியூரில் பாகங்கள் வாங்கினேன். இரு பக்கத்துக்கும் வீல் சிலிண்டர், ஒரு செட் ஷூ. ஆயில் ஊறிய ஷூவைக் கழுவிப் போடுவதற்கு அண்ணன் சம்மதிக்கவே மாட்டார், எனக்கும் மனம் வராது. மூடி திறக்காத டாட் 4 தரப் பிரேக் ஆயில் இரண்டு அரை லிட்டர் பாட்டில். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கும்போது டாட் 4-இன் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸுக்குக் குறையாது. 3.7 சதவீதம் நீர் கலந்துவிட்டால் 155 டிகிரி இருந்தாலே தரத்துக்குப் போதும் என்பார்கள். கடலோரத்தில் வாழும் நாம் பாதி பாட்டிலை எடுத்துவைத்து அடுத்த வருடம் ஊற்றக் கூடாது.

12.1.2025, ஞாயிறு

ஏர் எடுத்தோம். மகள் பெடலில், அண்ணன் காருக்குக் கீழே, நான் ஆயில் பாட்டிலோடு பானட்டருகே. முழுவதும் மிதித்தால் பழைய மாஸ்டர் சிலிண்டரின் கப், இதுவரை போகாத துருப்பிடித்த இடத்தில் உரசிவிடும் என்று பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்தார் அண்ணன்.

“மிதிம்மா... பிடித்துக்கொள்... மூடிவிட்டேன், இப்போது விடு.” சக்கரத்தில் ஆயிலை வெளியே விடும் நிப்பிளை மூடும் முன் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். மகள் ஒரு முறைகூடத் தவறவில்லை. கண்ணாடிக் குழாயில் முதலில் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. நடுநடுவே முத்துக்கோத்ததுபோலக் குமிழிகள். பதினைந்து மிதிக்குப் பிறகு குமிழி நின்று, வெளிர் மஞ்சளாகத் தெளிந்தது. நான்கு சக்கரத்துக்கும் முடிக்க ஒரு பாட்டில் போய், அடுத்ததிலும் பாதி காலி. ஃபெண்டரில் சிந்திய ஆயிலை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். விட்டிருந்தால் பெயின்ட்டை அரித்துவிடும்.

13.1.2025, போகி

விடியலில் புகைமூட்டம் கலைந்த பிறகு, ஆளில்லாத சாலையில் மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். பெடல் மேலேயே நிற்கிறது. கார் எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. ஆயில் மட்டத்தில் பேனாவால் கோடு போட்டேன்.

18.1.2025, சனி

தை 5, ஆற்றுத் திருவிழா. தென்பெண்ணைக்கு எல்லோரும் காரில் போனோம். சாலை முழுக்கக் குழந்தைகளும் கரும்பும் பலூனும். ஐம்பது முறையாவது பிரேக் பிடித்திருப்பேன். ஒவ்வொரு முறையும் கால் ஒரே இடத்தில் நின்றது.

25.1.2025, சனி

பானட்டைத் திறந்தேன். ஆயில் பேனாக் கோட்டிலேயே நிற்கிறது.