சனிக்கிழமைக் கேள்வி

எங்கள் சோதனைக்கூடத்தில் கோழி ஈரலைச் சோதிக்கக் கொடுத்திருந்தவர், சனிக்கிழமை மதியம் போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “மேடம், நாளைக்கு ஞாயித்துக்கிழம. ஈரல விக்கலாமா?”

“டெஸ்ட் இன்னும் முடியலண்ணே.”

பொய் இல்லை. ஆனால் காலையிலேயே கிருமி வளரும் தட்டைப் பார்த்திருந்தேன்.

திருப்பாதிரிப்புலியூரில் கறிக்கோழிக் கடை வைத்திருப்பவர். அவரை யாரும் சோதனைக்குப் பிடித்து வரவில்லை. ஈரல் வாங்கும் ஓட்டல்காரர் கேட்டதால், தானே பணம் கட்டி ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து கொடுத்தார். புதன்கிழமை அதில் 25 கிராம் எடுத்து 225 மில்லி பெப்டோன் நீரில், கிருமிக்குச் சத்து தரும் நீரில், போட்டோம். குளிரில் துவண்டு கிடக்கும் கிருமி தேறிவர ஓர் இரவு வேண்டும். வியாழக்கிழமை, மற்ற கிருமிகளை அடக்கும் ஊடகத்தில் 41.5 டிகிரியில் வைத்தோம். வெள்ளிக்கிழமை அதிலிருந்து கொஞ்சம் எடுத்து, எக்ஸ்.எல்.டி. அகார் என்ற கூழ்த் தட்டில் கோடு கோடாகத் தேய்த்தோம். சனிக்கிழமை காலை, சிவப்பு அகாரில் நடு கறுத்த கிருமிக் கூட்டங்கள், மீன் கண் மாதிரி.

நாங்கள் தேடியது சால்மோனெல்லா, வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமி. ஆனால் கறுத்தது எல்லாம் அது இல்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாக்கும் சில புரோட்டியஸ், சிட்ரோபாக்டர் வகைகளும் இதே தட்டில் கறுக்கும். யூரியா குழாய் இளஞ்சிவப்பாக மாறினால் அது புரோட்டியஸாக இருக்கலாம். சர்க்கரைகள் கலந்த டி.எஸ்.ஐ. குழாயில் சரிவான மேல்பகுதி சிவந்து, அடி மஞ்சளாகிக் கறுத்து, அதன்பின் அந்தக் கிருமியை அடையாளம் காட்டும் ஆன்டிசீரத்தில் திரிந்தால்தான் சால்மோனெல்லா என்று எழுத முடியும். அதற்கெல்லாம் அன்றுதான் குழாய்கள் போட்டிருந்தேன். பாதி முடிவைச் சொல்லி, அவர் ஈரலையெல்லாம் கொட்டிவிட்டு, திங்கட்கிழமை நான் “இல்லண்ணே, அது வேற கிருமி” என்றால் அந்த நஷ்டத்துக்கு யார் பொறுப்பு? உறுதியாகாததை வெளியே சொல்லக் கூடாது என்ற விதி எங்கள் சோம்பலுக்காக வைத்தது இல்லை.

இப்படி நினைத்துத்தான் அன்று நிம்மதியாக வேலையை முடித்தேன். வீட்டுக்கு வந்தபின்தான் உறுத்த ஆரம்பித்தது.

ரத்தசோகை என்றால் ஈரல்தான் நம் ஊரில் முதல் வைத்தியம். பிள்ளைத்தாச்சிக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் தேடி வாங்கிக் கொடுப்பார்கள். ரொம்ப வெந்தால் கட்டிபட்டுப் போகும் என்று, நடுவில் சிவப்பு இருக்கும்போதே இறக்கிவிடுவார்கள். கிருமி ஈரலின் மேல் மட்டும் இருந்தால் சட்டியின் சூட்டிலேயே போய்விடும். உள்ளேயும் இருக்கலாம் என்பதுதான் சிக்கல். நடுப்பகுதி 74 டிகிரி தொட வேண்டும். தவிர, கடையில் எல்லாக் கோழியின் ஈரலும் ஒரே பேசினில், ரத்தத் தண்ணீரில் ஒன்றாகக் கிடக்கும். ஒன்றில் இருந்தால் மற்றதிலும் ஒட்டும்.

“நல்லா வேகவச்சுச் சாப்பிடச் சொல்லுங்க” என்றாவது சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். எந்தக் கறிக்கும் எந்த நாளும் பொருந்துகிற பேச்சுதானே. ஆனால் “விக்கலாமா” என்ற கேள்விக்கு பதிலாக அதைச் சொன்னால் அதுவே ரிசல்ட் ஆகிவிடும். அந்த நேரத்தில் நான் எதைச் சொன்னாலும் அவர் அதை ரிசல்ட்டாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பார்.

திங்கட்கிழமை உறுதியானது. சால்மோனெல்லா. ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தவர், “சனிக்கிழமையே தெரியுமா மேடம்?” என்றார்.

“சந்தேகம் இருந்துச்சுண்ணே.”

“சந்தேகத்தச் சொல்லியிருந்தா ஒருநாள் நிறுத்தியிருப்பேன். நான்தானே கேட்டேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. வாடிக்கையாளர் யாருக்கும் உடம்புக்கு முடியாமல் போனதாக அவர் கேள்விப்படவில்லை. அது என்னைத் தேற்றவும் இல்லை. வயிற்றுப்போக்குக்கு எத்தனை பேர் கோழிக்கடையில் போய்ச் சொல்வார்கள்?

எங்கள் சோதனை அந்தக் கறிக்கானதே இல்லை என்றும் சில நாள் தோன்றுகிறது. முடிவு வருவதற்குள் கறி தின்று தீர்ந்திருக்கும். அடுத்து வரும் கோழிக்கு, கத்திக்கு, பலகைக்கு, முடி உரிக்கும் மெஷினுக்குத்தான் அது உதவும். அப்படியானால் ஒருநாள் முன்பின் என்பதில் என்ன இருக்கிறது? இந்த வாதம் என் மேலதிகாரிக்குப் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் கடையில் வரிசையில் நின்றவர்களுக்கு இதைச் சொல்ல முடியுமா என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

இப்போது மாதிரியை வாங்கும்போதே, எந்த முடிவும் தெரியாத அந்த முதல் நாளிலேயே, வேகவைப்பது பற்றியும் பேசினைக் கழுவுவது பற்றியும் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன். நடுவில் போன் செய்து கேட்டால் இன்றும் “முடியல” என்றுதான் சொல்கிறேன்.

அந்தக் கடைக்காரர் தண்ணீரை மாற்றி, பேசின்களைப் பிரித்து, மறுபடி ஈரல் கொண்டுவந்தார். அதில் இல்லை என்று வந்தது. “அப்ப சுத்தமா மேடம்?” என்றார். “இந்த 25 கிராமுல இல்லண்ணே” என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, அடுத்த மாதத்துக்கும் பணம் கட்டிவிட்டுப் போனார்.