0.1-ஐ பைனரியில் எழுதச் சொன்னார் எக்ஸ்டர்னல்

நான்காம் செமஸ்டர் லேப் வைவா (வாய்மொழித் தேர்வு). அனலாக் கணினிக்கும் டிஜிட்டல் கணினிக்கும் என்ன வித்தியாசம் என்று எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) கேட்டார். "அனலாக் தோராயம், டிஜிட்டல் துல்லியம் சார்" என்றேன். நோட்ஸில் அவ்வளவுதான் இருந்தது. என் மேசையில் 741 ஆப்-ஆம்ப் சிப்பில் செய்த இன்டகிரேட்டர் இருந்தது; உள்ளே வரும் வோல்டேஜை நேரத்தோடு கூட்டிக்கொண்டே போகும் அனலாக் சர்க்யூட் அது. அதன் உள்ளீட்டை கிரவுண்டில் போடச் சொன்னார். உள்ளீடு பூஜ்யம். மல்டிமீட்டரிலோ எண் மெல்ல ஊர்ந்துகொண்டே போனது. "ஏன்பா நகருது?" நான் முழித்தேன்.

கணக்கு சின்னதுதான். ஆப்-ஆம்ப் ஆஃப்செட் (உள்ளீடு பூஜ்யமானாலும் சிப்புக்குள் மிச்சமிருக்கும் சின்ன வோல்டேஜ்) 2 மில்லிவோல்ட் என்று வையுங்கள். 100 கிலோ ஓம் ரெசிஸ்டர், 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போட்டால் இரண்டின் பெருக்கலான ஆர்சி 0.1 நொடி. ஆஃப்செட்டை இதால் வகுத்தால், நொடிக்கு 20 மில்லிவோல்ட் சும்மாவே நகரும். சிப்பின் உள்ளீட்டில் ஓடும் சிறு பயாஸ் கரன்ட்டின் கணக்கு தனி. தங்கக் கோடு போட்ட ரெசிஸ்டரின் மதிப்பு வேறு 5 சதவீதம் வரை முன்பின் இருக்கலாம். "தோராயம்" என்று சொல்லி நிறுத்தாமல் இதைப் போட்டுக் காட்டுங்கள். பெரும்பாலும் துணைக்கேள்வியே வராது.

எனக்கு வந்தது. "0.1-ஐ பைனரியில் எழுது." 0.000110011... முடியவே இல்லை. நமக்கு 1/3 எப்படியோ, இரண்டின் அடுக்குகளுக்கு 1/10 அப்படி. கையில் எத்தனை பிட் இருக்கிறதோ அங்கே வெட்டித்தான் ஆகவேண்டும். ஆக, டிஜிட்டலும் முழுத் துல்லியம் இல்லை.

அந்த வெட்டு என்ன செய்யும் என்பதற்கு ஒரு உதாரணம் போதும்: 1991 பிப்ரவரி 25, சவூதியின் தஹ்ரான். எதிரி ஏவுகணைகளை வானிலேயே தடுக்கும் அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணை அமைப்பு நேரத்தை 0.1 நொடித் துடிப்புகளாக எண்ணியது. பெருக்கப் பயன்படுத்திய 0.1 மட்டும் 24 பிட்டில் வெட்டப்பட்டிருந்தது. துடிப்புக்குப் பிழை சுமார் 0.000000095 நொடி. 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடினால் 36 லட்சம் துடிப்பு. பெருக்கிப் பாருங்கள், 0.34 நொடி. அதற்குள் ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். பேட்ரியாட் அதைத் தடுக்கத் தவறியது. அன்று 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். இந்தப் பெருக்கலை நான் போட்டுப் பார்த்தது வைவா முடிந்து ஹாஸ்டலுக்கு வந்த பிறகு!

அப்புறம், கேட் (GATE, பொறியியல் மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு) எழுதுபவர்களுக்கு ஒன்று. விடையை எண்ணாகத் தட்டும் கேள்விகளுக்கு நெகடிவ் மார்க் கிடையாது, ஆனால் விடை அவர்கள் வைத்திருக்கும் எல்லைக்குள் விழவேண்டும். "இரண்டு தசம இடம்" என்பது கடைசி வரிக்கு மட்டும். நடுவிலேயே 1/3-ஐ 0.33 ஆக்கி 300-ஆல் பெருக்கினால் 100 வராது, 99 வரும். மாக் டெஸ்டில் எனக்கு இப்படியே இரண்டு கேள்விகள் போயின. திரையில் தரும் கால்குலேட்டரில் எம்எஸ் (எண்ணைச் சேமிக்க), எம்ஆர் (திரும்ப எடுக்க) பொத்தான்கள் இருக்கின்றன. இடைவிடைகளை ரஃப் தாளில் சுருக்கி எழுதாமல் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.