பனையில் தொங்கும் முக்கோணம்

நாங்குநேரிப் பக்கம் எங்கள் விளையில் அமெச்சூர் வானொலியின் 40 மீட்டர் அலைவரிசைக்கான டெல்டா லூப், அதாவது முக்கோணமாகக் கட்டிய கம்பி வளைய ஆன்டெனா, ஒருவழியாக ஏறிவிட்டது. கம்பம் வாங்கவில்லை, பனை இருக்கிறதே! பனையேறும் அண்ணாச்சி "கயிறுதான தம்பி, கொடுங்க" என்று வாங்கிக்கொண்டு போய் உச்சியில் கப்பியைக் கட்டிவிட்டு இறங்கினார்.

306-ஐ மெகாஹெர்ட்ஸில் சொன்ன அதிர்வெண்ணால் வகுத்தால் வளையத்தின் சுற்றளவு மீட்டரில் வரும். 7.1-க்கு சுமார் 43. நான் 44 மீட்டர் வெட்டினேன்; ஒத்ததிர்வு, அதாவது வளையம் இயல்பாக இசையும் அதிர்வெண், 6.8-லேயே நின்றது. கம்பியின் பிவிசி உறை அலையைக் கொஞ்சம் மெதுவாக்கும், அதுதான் காரணம். இரண்டு மீட்டர் போல நறுக்கியதும் சரியாக வந்தது. நீளமாக வெட்டிவிட்டுக் குறைப்பதுதான் நல்லது.

வளையத்தின் மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை) 100 ஓமுக்கு மேல் இருக்கும். அதனால் வானொலிக் கருவியோடு அதைப் பொருத்த இடையில் 7 மீட்டர் 75 ஓம் கேபிள். கேபிளை முக்கோணத்தின் கீழ்ப்பக்க நடுவில் இணைத்திருக்கிறேன்; அலை நேர்மேலே போய் அயனிமண்டலத்தில் பட்டுத் திரும்பும், நம் மாநிலத்துக்குள் பேச அதுதான் தோது.

உச்சிக் கயிற்றின் மறுமுனையை இறுக்கிக் கட்டவில்லை, ஒரு கல்லைத் தொங்கவிட்டிருக்கிறேன். ஆடிக் காற்றில் பனை அசையும்போது கல் ஏறி இறங்கும், கம்பி அறாது.

அப்புறம், இன்று காலை சென்னையிலிருந்து ஒரு குரல், பக்கத்து வீட்டிலிருந்து பேசுவது போலத் தெளிவாக. அண்ணாச்சியையும் கூப்பிட்டுக் கேட்கவைத்தேன்.